எங்கள் ஊர் டூப்பு நோயாளி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அப்போதும் தமிழ்க் கட்டுரைக்கு ஐந்து வரிக்கு மேல் வராது. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற நான், முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் தெரிகிறது. பிழை இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். நான் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்வார், பாதியில் நிறுத்தினால்தான் பொறுக்கமாட்டார். "எடுத்தா முடிக்கணும்டி. இல்லன்னா எடுக்கவே கூடாது" என்பார். அந்தப் பயத்திலாவது இதை முடித்துவிடுவேன்.

அவர் பெயரைப் போடவில்லை. கேட்டுவிட்டுப் போடலாம் என்றால் அவர் எங்கள் தெருவைவிட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்றே எழுதுகிறேன்.

மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. உப்பளத்தில் இரண்டு பேரும் ஒரே மேஸ்திரியிடம் வேலை செய்தோம். எனக்கு அப்போது முப்பது வயது, அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். விடியற்காலையில் பாத்தியில் இறங்கி, நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பை வாரிக் கரையில் குவிப்போம். வெயில் ஏறியதும் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்தும். மற்ற எல்லாரும் கரையேறிவிடுவார்கள். அக்கா மட்டும் மூலையில் கிடக்கும் ஒரு கைப்பிடி உப்புக்காகப் பாத்திக்குள் நின்றுகொண்டிருப்பார்.

"வுடும்மா, ராத்திரி மழை வந்தா கரையப் போற உப்பு" என்பார் மேஸ்திரி.

"கரைக்கிறது மழையோட வேலைங்க. வார்றது என் வேலை" என்பார் அக்கா.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பஸ் வந்தால் நாங்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடுவோம். அக்கா ஓடமாட்டார். கடைசிச் சொட்டு வரை குடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வருவார். கண்டக்டர்கள் திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். அவருடைய வீட்டுக்காரர் இதற்கு நேர்மாறு. லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவர், ஒரு வாக்கியத்தையும் முடித்ததில்லை. "நாளைக்கு நான் வந்து..." என்று ஆரம்பித்துவிட்டு வெற்றிலையை எடுப்பார். "திண்டிவனம் போறாரு, வர்றதுக்கு நேரமாவும்" என்று அக்கா உள்ளேயிருந்து முடித்துவைப்பார். அவர்கள் இருபத்தைந்து வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

ஒருமுறை திண்டிவனத்திலிருந்து பாண்டிக்குப் போகும் பஸ்ஸில் நானும் அவரும் போய்க்கொண்டிருந்தோம். துணி எடுக்கத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, தன் பையனுக்குப் பெண் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பெண்ணைப் பிடித்துப்போய், பூ வைத்து, நாள் குறிக்கிற நேரத்தில் பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள் என்கிற இடத்தில் கிளியனூர் வந்துவிட்டது. அந்த அம்மா இறங்கிவிட்டார். அக்காவும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"அக்கா, நம்ம டிக்கெட்டு பாண்டிக்கு!"

"கதை முடியலையேடி."

கிளியனூர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே மீதிக் கதையைக் கேட்டார். அந்த அம்மா முதலில் பயந்துபோனார். பிறகு சிரித்தார். பிறகு, "உங்களுக்குப் பொண்ணு இருக்குதா?" என்று கேட்டார். அக்காவுக்கு ஒரு பெண் இருந்தாள். இடையஞ்சாவடிப் பக்கம் ஊதுபத்தி செய்யும் இடத்தில் வேலை, இருபது வயது. இப்படித்தான் அந்தச் சம்பந்தப் பேச்சு ஆரம்பமானது. துணி எடுக்காமலே ஊர் திரும்பினோம். வழியில் அக்கா ஒரே ஒரு குறை சொன்னார்: "எல்லாம் சொன்னாங்க. அந்த மொத பொண்ணு வூட்ல ஏன் வேணான்னாங்கன்னு மட்டும் சொல்லல பாரு."

இனி கல்லூரிக்கு வருகிறேன்.

சுனாமிக்கு அடுத்த மழைக்காலம் அது. ஐப்பசியில் மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை கிடையாது, தை வரை எல்லாரும் வீட்டில்தான். அந்த நேரத்தில் ஒரு பார்மசி கல்லூரியிலிருந்து ஒரு மேடம் ஸ்கூட்டியில் எங்கள் தெருவுக்கு வந்தார். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்களும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"எங்க புள்ளைங்களுக்கு மருந்து பேரெல்லாம் தலைகீழா தெரியும். ஆனா முன்னாடி ஒரு நோயாளி வந்து நின்னா எப்படிப் பேசறதுன்னு தெரியல. அதுக்குப் பரிட்சை வைக்கப் போறோம். நீங்க நோயாளியா வந்து உக்காரணும்" என்றார் மேடம்.

"எங்களுக்கு ஒண்ணும் சீக்கு இல்லீங்களே" என்றார் அக்கா.

"இல்லாம இருக்கறதுதான் நல்லது. இருக்கிற மாதிரி பேசணும். நிஜ நோயாளின்னா ஒருத்தர் ஒரு மாதிரி பேசுவாங்க. ஒரு பையனுக்குச் சுலபமா அமைஞ்சிடும், இன்னொருத்தனுக்குக் கஷ்டமா அமைஞ்சிடும். நீங்க எல்லார்கிட்டயும் ஒரே கதையச் சொன்னா, யார் நல்லாக் கேக்கறாங்கன்னு நான் மார்க் போடலாம்."

தெருவில் ஒரே சிரிப்பு. எங்களுக்கு அன்றைக்கே டூப்பு நோயாளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சினிமாவில் சண்டைக்கு டூப்பு போடுவதுபோல வியாதிக்கு டூப்பு.

எங்களில் ஐந்து பேர் போனோம். கல்லூரியில் ஐந்து மேஜைகளை மருந்துக் கடை மாதிரி அமைத்திருந்தார்கள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு நோயாளி, ஒரு கதை. மணி அடித்தால் வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவர் உள்ளே வருவார், மறுபடி மணி அடித்தால் அடுத்த மேஜைக்குப் போவார். மேடம் மூலையில் உட்கார்ந்து மார்க் போடுவார். எங்களுக்கு மூன்று விதிகள். கதையை மாற்றக் கூடாது. கேட்டால்தான் சொல்ல வேண்டும். மாணவருக்கு உதவி செய்யக் கூடாது.

மூன்றாவது விதியை முதல் நாளே நாங்கள் மண்ணாக்கிவிட்டோம். வேர்த்து விறுவிறுத்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு வரும்? சர்க்கரை நோயாளியாக உட்கார்ந்த ஒரு பெரியவர், "தம்பி, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு நீ சொல்லல, சொல்லிடு" என்று எடுத்துக் கொடுத்தார். மீன் விற்கிற ஒரு அம்மா, அழுத பெண்ணின் கண்ணை முந்தானையால் துடைத்து, "இந்தப் பொண்ணு எல்லாம் கேட்டுச்சிங்க" என்று மேடத்திடம் சாட்சி சொன்னார். நானும் ஒன்றும் குறைச்சல் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்த தாய் என்பது என் கதை. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டினேன். அன்றைக்கு எங்கள் நாலு மேஜையிலும் அத்தனை பேரும் பாஸ். மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அக்கா ஒருவரிடம் மட்டும்தான் பாதிப் பேர் தோற்றார்கள்.

அவருக்குக் கொடுத்தது டிபி நோயாளியின் அட்டை. அதில் நாலே வரி இருந்தது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டாள், உடம்பு தேறிப் பசி எடுத்தது, நிறுத்திவிட்டாள், இப்போது இருமல் மருந்து மட்டும் கேட்டு வந்திருக்கிறாள். நான்தான் படித்துக் காட்டினேன். இரண்டு தடவையில் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. நேராக மேடத்திடம் போனார்.

"இந்தப் பொம்பளைக்கு எத்தினி புள்ளைங்க?"

"அது அட்டையில இல்லம்மா. தேவையில்ல."

"வீட்டுக்காரரு இன்னா பண்றாரு? எந்த ஊரு? யாரு கஞ்சி வெச்சிக் குடுக்கறாங்க? பாதி ஆள வெச்சிகினு நான் எப்படிம்மா உக்கார்றது?"

மேடம் அங்கேயே உட்கார்ந்து மீதிப் பெண்ணை உண்டாக்கிக் கொடுத்தார். இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு செங்கல் சூளையில் வேலை, ஊர் பொம்மையார்பாளையம். அதற்குப் பிறகு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தால் எங்களுக்கே பயமாக இருக்கும். தோள் குறுகிவிடும். பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கும். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் பொம்மையார்பாளையத்திலேயே இருப்பார். "ஊருக்கு வாக்கா" என்று நான் தோளைத் தட்டினால்தான் சோற்றைப் பிசைவார்.

மணி அடித்ததும் மேடம் எங்கள் கருத்தையும் கேட்பார். அக்காவின் தீர்ப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். "பாதி சொன்னான். பாதி மார்க்கு போடுங்க."

ஒரே ஒரு மாணவியை மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என்னைப்போலவே பேச வாய் வராத பெண். "ஏம்மா மாத்திரைய நிறுத்தினீங்க?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அக்கா கீழே பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பெண் எதையும் போட்டு நிரப்பாமல் காத்திருந்தாள். கடைசியில் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அட்டையில் இல்லாத இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். "அந்தப் பொண்ணு வாயால கேக்கலடி, காதால கேட்டுச்சி" என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

அந்த மழைக்காலம் முழுவதும் தேர்வும் ஒத்திகையுமாக எத்தனையோ பிள்ளைகள் அவருக்கு டிபி பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். சரியாகச் சொன்னவன், தப்பாகச் சொன்னவன், மறந்தவன் எல்லாரையும் கேட்டுக் கேட்டு அவருக்கு அது பாட்டுப்போல ஆகிவிட்டது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். டம்ளரில் ஒட்டாது, தட்டில் ஒட்டாது, இருமும்போது காற்றில்தான் பரவும். மாத்திரை சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் பரவுவதும் நின்றுவிடும். பாதியில் விட்டால் மறுபடி வரும், வந்தால் முன்னைவிட முரண்டு பிடிக்கும். கடைசி வரியைச் சொல்லும்போது அவர் முகம் பிரகாசமாகிவிடும். அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்ததை வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களே சொல்கிறார்களே!

தெருவில் ஒருவரையும் விடவில்லை. யார் வீட்டுக்குள் போனாலும் ஜன்னல் மாடத்தைப் பார்ப்பார். மிச்சம் வைத்த மாத்திரை அட்டை கிடந்தால் தொலைந்தோம்.

"இது இன்னாடி ரெண்டு மாத்திரை மிச்சம்?"

"காய்ச்சல் வுட்டுட்டுதுக்கா."

"காய்ச்சல் வுட்டுச்சி. டாக்டரு வுட்டாரா?"

இந்தச் சிரிப்பெல்லாம் ஒருநாள் வினையாக முடிந்தது.

ஒரு மாணவன் வந்தான். மருந்து பெயரெல்லாம் மழையாகப் பொழிந்தான். அக்காவின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவே இல்லை. மணி அடித்ததும் எழுந்து போய்விட்டான். அக்கா நாற்காலியில் நெளிந்தார். சொல்லப்படாத கதை அவருக்குத் தொண்டையில் முள் மாதிரி. பொறுக்கமுடியாமல் எழுந்து வராந்தாவில் ஓடினார்.

"டேய் தம்பி! நில்லுடா! டிபி மாத்திரைய நான் பாதியில நிறுத்திட்டேன்டா! ஏன் நிறுத்தனேன்னு நீ கேக்கவே இல்லையேடா!"

வராந்தா முழுக்கக் கேட்டது. மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேன்டீனுக்குப் பால் கொண்டுவந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கேனோடு அப்படியே சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். அவர் கிளியனூர்க்காரர்.

நாலாம் நாள் கடைத்தெருவில் இருந்த போன் பூத்துக்குத் தகவல் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அது இப்போதைக்கு வேண்டாமாம். காரணம் கேட்டதற்குக் கிளியனூர் அம்மா, "உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

அக்காவின் பெண் மாப்பிள்ளைப் பையனின் போட்டோவை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தாள். அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே வைத்தாள். பையன் பாண்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்தான். ஒரே ஒரு தடவைதான் நேரில் பேசியிருக்கிறார்கள். அந்த ஒரு தடவையைப் பற்றி அவள் என்னிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறாள். ஆசைப்பட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"பேச்ச பாதியில வெச்சா எப்படி? வாடி, கிளியனூருக்கு" என்றார் அக்கா. பால்காரர் சொல்லித்தான் இது வந்தது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கு நோய் இல்லை, அது நடிப்புதான் என்று மேடம் கல்லூரித் தாளில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதையும் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அந்தப் பெண், "அம்மா, சண்ட போடாம வா" என்றது மட்டும்தான் பேச்சு.

கிளியனூர் அம்மா எங்களை உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கல்யாண வீட்டில் கொடுப்பார்களே, குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் கப், அதில் கொடுத்தார். அக்கா கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முழுவதும் குடித்தார்.

"டம்ளர்ல ஒட்டாதும்மா. எனக்கு அந்த நோயும் இல்ல. அது பரிட்சைக்கு நடிக்கறது" என்றார்.

"நல்லா இருக்கிற பொம்பளைய கூப்ட்டு, சீக்குன்னு சொல்லச் சொல்லி, அதுக்குப் பரிட்சை வேற வெக்கறாங்களா? சின்னக் கொழந்தைகிட்ட சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தால் எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. அக்கா என்னை முழங்கையால் இடித்தார். "நீ சொல்லுடி. நீயும்தான வர்ற?"

"ஆமாங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"பாருங்க, அந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்ல வாய் வரல" என்றார் கிளியனூர் அம்மா.

கடிதத்தை நீட்டினோம். "தாள்ல எழுதறதுக்கு இன்னாங்க கஷ்டம்" என்று தொடவே இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தெருக்கோடி அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். வீட்டில் யாருக்கும் அந்த நோய் இல்லை என்று அக்கா சொல்லிவிட்டால், அவர் நம்பிவிடுவார். அவர் சொந்தக்காரர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

"அவ்ளோதான? வாங்க" என்று அக்கா எழுந்துவிட்டார்.

உச்சிப் பொழுதில் கோயில் கதவு பூட்டியிருந்தது. படியிலேயே கற்பூரம் வைத்தோம். தூறல் காற்றில் என் தீக்குச்சி இரண்டு தடவை அணைந்துபோயிற்று. மூன்றாவது பிடித்தது. அக்கா கிழக்குப் பார்த்து நின்று, "என் ஒடம்புல அந்த நோய் இல்ல. என் வூட்ல யாருக்கும் இல்ல. இருந்தா இருக்குதுன்னே சொல்லியிருப்பேன்" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

கிளியனூர் அம்மா பெருமூச்சு விட்டார். போகலாம் என்று திரும்பினார். அக்கா அசையவில்லை. இன்னொரு கட்டிக் கற்பூரத்தை எடுத்து வைத்து, "கொளுத்துடி" என்றார் என்னிடம்.

"இது எதுக்கு?" என்றார் அந்த அம்மா.

"உங்களுக்கு. பொண்ணு குடுக்கற வூடு மட்டும் பண்ணா அது பாதி சத்தியம். எடுக்கற வூடும் பண்ணிட்டா முழுசாயிடும்."

அக்கா எந்தச் சந்தேகமும் வைத்து அதைச் சொல்லவில்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சொல்வேன். பாதியில் விட அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் கிளியனூர் அம்மாவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. கற்பூரம் எரிந்தது. அவர் விரல்கள் மடங்கின. கையை மெல்ல எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்தது. படியில் கரிய வட்டம் மட்டும் இருந்தது.

அக்கா இப்போது கத்துவார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. படியில் உட்கார்ந்தார், பக்கத்தில் இடம் விட்டார். அந்தக் கூச்சக்கார மாணவி காத்திருந்த மாதிரியே காத்திருந்தார்.

ரொம்ப நேரம் கழித்துக் கிளியனூர் அம்மாவும் உட்கார்ந்தார். "எங்க வூட்டுக்காரருக்குத்தான்" என்றார். "போன வருஷம் வந்துச்சி. வாரத்துல மூணு நாளு ஆஸ்பத்திரிக்குப் போயி நர்சம்மா எதிருலயே முழுங்கணும். எல்லாரும் பாக்கறாங்க. மொத பொண்ணு வூட்ல அப்படித்தான் தெரிஞ்சிபோயி வேணான்னுட்டாங்க. அதோட, பையன் கல்யாணம் முடியட்டும்னு போறத நிறுத்திட்டாரு. இப்ப மறுபடி இருமறாரு. உங்களுக்கும் இருக்குதுன்னு பால்காரன் சொன்னதும், ரெண்டு வூடும் சேர்ந்து சிரிப்பா சிரிக்கப்போவுதுன்னு..." என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

அக்காவின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"எத்தினி மாசம் தின்னாரு?"

"ரெண்டு."

"ரெண்டா! ஆறு மாச மாத்திரைய ரெண்டு மாசத்துல வுட்டாரா? பாதிகூட இல்லையேம்மா! எங்ககிட்ட மறைச்சீங்க, அது பரவால்ல. பிளாஸ்டிக் கப்புல தண்ணி குடுத்தீங்க, அதுவும் பரவால்ல. மாத்திரைய எப்படிம்மா பாதியில வுடுவாங்க?"

அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். இந்தத் திட்டை அவர் எதிர்பார்க்கவே இல்லை. அதற்கப்புறம் அக்கா நிறுத்தவில்லை. காற்றில் பரவுவது, டம்ளரில் ஒட்டாதது, வீட்டில் இருக்கிற எல்லாரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியது, பையன் உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னார். எந்த மாணவனும் அவ்வளவு முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மேடம் இருந்திருந்தால் முழு மார்க்குப் போட்டிருப்பார். கிளியனூர் அம்மா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில், "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"அதான் சொன்னேனே, பரிட்சைன்னு. நீங்கதான் நம்பல."

அந்த அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப நிச்சயம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எம்பொண்ணத்தான் கேக்கணும். அவ சரின்னா, மாமனாரு கடைசி மாத்திரைய முழுங்கனதுக்கு மறுநாளு நிச்சயம். ஒரு நாளு முன்னாடி இல்ல."

வீட்டுக்கு வந்ததும் அக்கா தன் பெண்ணிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கற்பூரத்தையும், மாமனாரின் இருமலையும், பிளாஸ்டிக் கப்பையும்கூடச் சொன்னார். அவருக்குப் பாதி சொல்லத் தெரியாது. அந்தப் பெண் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"எத்தினி மாசம்மா ஆவும்?"

"விட்டதால மொதல்லேருந்து. எத்தினின்னு டாக்டருதான் சொல்லணும்."

"சரி" என்றாள் அவள். "அவரும் டெஸ்ட் பண்ணிக்கிறாரான்னு கேட்டியா?"

"கேட்டேன்டி."

"முழுசா கேட்டியா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர், "அப்ப கல்யாணம் வந்து..." என்றார். அன்றைக்கு அதை யாரும் முடித்துவைக்கவில்லை. எப்போது என்று அவர்களுக்கும் தெரியாது.

மறுநாள் காலை ஏழரை மணி பஸ்ஸில் அக்கா கிளம்பினார். கிளியனூர் அம்மாவையும் அவர் வீட்டுக்காரரையும் பையனையும் அழைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்து, அடுத்த நாளும் வரச் சொன்னார்களாம். கல்லூரியில் அன்றைக்குத் தேர்வு இருந்தது. அக்கா வராததால் மேடம் டிபி அட்டையை என்னிடம் கொடுத்தார். பத்து மாணவர்கள் வந்தார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று நாலு பேர் கேட்டார்கள். ஆறு பேர் கேட்கவில்லை.